அப்பாவுக்கு வேலை போன வருஷம்

1929 அக்டோபர்ல நியூயார்க் பங்குச்சந்தை கவிழ்ந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். 1933-ல அமெரிக்காவில் நாலுல ஒருத்தருக்கு வேலை இல்லை. பள்ளிக்கூட சரித்திரப் பாடம் இத்தோட முடிஞ்சுடும். அந்த வீடுகள்ல பத்து, பன்னிரண்டு வயசுல இருந்த பசங்க என்ன ஆனாங்க? ரொம்ப நாளா எனக்கு இந்தக் கேள்வி இருந்தது.

பதில் கிடைச்சதே ஒரு தற்செயல்தான். கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட்னு ஒரு ஊர். 1920, 21-ல் பிறந்த 167 பிள்ளைகள் எப்படி வளர்றாங்கன்னு பெர்க்கிலி ஆய்வாளர்கள் 1930-களின் தொடக்கத்துல குறிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க. வளரிளம் பருவத்தைப் படிக்கணும், அவ்வளவுதான் நோக்கம். பஞ்சத்தைப் பத்தி ஆராயணும்னு யாரும் நினைக்கலை. 1962-ல் அங்கே வேலைக்கு வந்த கிளென் எல்டர்ங்கிற சமூகவியல்காரர் அந்தப் பழைய ஃபைல்களைத் தூசி தட்டினார். 1974-ல் அது புத்தகமா வந்தது.

மனுஷன் ஒரு நல்ல காரியம் செஞ்சார். ஏழை, பணக்காரன்னு பிரிக்கறதோட நிறுத்தாம, 1929-லிருந்து 1933-க்குள்ள வருமானத்துல 35 சதவீதத்துக்கு மேல இழந்த வீடு, அவ்வளவு இழக்காத வீடுன்னு பிரிச்சார். (விலைவாசியும் இறங்கியிருந்ததால, கொஞ்சம் குறைஞ்சவங்களுக்குப் பெரிசா வலிச்சிருக்காது.)

இழந்த வீடுகள்ல என்ன நடந்தது? அப்பாவோட மதிப்பு இறங்கிடுச்சு. முடிவெடுக்கிறது அம்மா கைக்கு வந்தது. பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனாங்க, பெண்கள் வீட்டு வேலையைத் தலையில் போட்டுக்கிட்டாங்க. கஷ்டம்தான், ஆனா நாமளும் இந்த வீட்டுக்கு வேணும்கிற நினைப்பு அந்தப் பையன்களுக்கு வந்திருக்கு. பின்னாடி அவங்கள்ல பலர் நல்லாவே தேறிட்டாங்க.

பணம் போனது நேரா பிள்ளைங்க மனசுக்குள்ள போகலைங்க. அப்பாவோட எரிச்சல் வழியாத்தான் போயிருக்கு. 1985-ல் எல்டரும் கூட்டாளிகளும் அதே ஃபைல்களை வெச்சு எழுதின கட்டுரையில ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை. அந்த எரிச்சல் எல்லாப் பெண்கள் மேலயும் ஒரே மாதிரி விழலை. அழகா இல்லாத மகள்களுக்குத்தான் அதிகமா விழுந்திருக்கு. வீட்டுக்குள்ளயுமா இந்தக் கணக்கு!

பெர்க்கிலியில் இன்னொரு கூட்டத்தையும் இதே மாதிரி கவனிச்சாங்க. இவங்க 1928, 29-ல் பிறந்தவங்க. பஞ்சம் வந்தப்போ கைக்குழந்தைகள். சம்பாதிச்சு உதவுற வயசு இல்லை, வீட்டை விட்டு வெளியே ஓடவும் முடியாது. இதுல அதிகமா அடிபட்டது பையன்கள்தான். பதினாறு, பதினேழு வயசுலயும் நம்பிக்கை குறைஞ்சே இருந்தாங்க. ஏழெட்டு வயசு வித்தியாசம், அவ்வளவுதான்.

ஓக்லண்ட்ல 1932, 34, 36-னு மூணு தடவை பேட்டி எடுத்தது அம்மாக்கள்கிட்ட. அந்த அப்பாக்களைப் பத்தி நமக்குத் தெரியறது பெரும்பாலும் அவங்களும் பிள்ளைகளும் சொன்னதுதான்.