முன்பாய்ச் சுருட்டி: ஒரு கருவியின் வரலாறும் பராமரிப்பும்

பாய்ப்படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பாய்மர உச்சிக்கு ஏறும் தாங்குகம்பியை ஒட்டி விரியும் முக்கோணப் பாய் முன்பாய் எனப்படும். காற்று வலுக்கும்போது அதன் பரப்பைக் குறைத்தாக வேண்டும். முற்காலத்தில் இதற்காக ஒருவர் அலை அறையும் அணியத்துக்கே சென்று, கம்பியில் கொக்கிகளால் மாட்டப்பட்டிருந்த பெரிய பாயை இறக்கிவிட்டுச் சிறிய பாயை ஏற்ற வேண்டியிருந்தது. உயிருக்கே ஆபத்தான இந்த வேலையைத் தவிர்க்கும் முயற்சியிலிருந்தே சுருட்டிக் கருவி பிறந்தது.

பாயைச் சுருட்டிச் சிறிதாக்கும் எண்ணம் வணிகக் கப்பல்களில் முன்னரே தோன்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஹென்றி கன்னிங்காம், பாயைத் தாங்கும் குறுக்குமரமே சுழன்று பாயைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் அமைப்பை உருவாக்கியதால், மாலுமிகள் மரமேறாமல் தளத்தில் நின்றபடியே பாயைக் குறைக்க முடிந்தது. சிறு படகுகளில் இவ்வசதியைப் பரப்பியது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான வைக்கம் மார்ட்டின் கருவி ஆகும். பாயின் முன்விளிம்பில் கம்பி ஒன்று தைக்கப்பட்டு, அதன் அடியில் கயிறு சுற்றிய உருளையும் உச்சியில் தடையின்றித் திரும்பும் சுழலியும் பொருத்தப்பட்டன. கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று பாய் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். எனினும் மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்வதால் பாயின் அடிப்பகுதியும் மேற்பகுதியும் சீராகச் சுருளவில்லை. ஆகவே பாயை முழுமையாக விரிக்கவோ முழுமையாகச் சுருட்டவோ முடிந்ததே தவிர, பாதி சுருட்டிய நிலையில் அதை நம்பிப் படகோட்ட முடியவில்லை.

தாங்குகம்பியைச் சூழ்ந்து, அடி முதல் முடி வரை ஒருசேரச் சுழலும் அலுமினியக் குழல் இக்குறையை நீக்கியது. 1970களிலும் 1980களிலும் பரவிய இம்முறையில், பாயின் விளிம்பு குழலின் நீண்ட பள்ளத்துள் நுழைக்கப்படுகிறது. வேண்டிய அளவு மட்டும் பாயைச் சுருட்டிப் பயணத்தைத் தொடரவும் முடிகிறது. ஆனால் புதிய இடர் ஒன்றும் உடன் வந்தது. பாயை ஏற்றும் கயிறு குழலுக்கு இணையாகவே சென்றால், சுழற்சியின்போது அது குழலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அந்நிலையில் கயிறிழுக்கும் பொறியான வின்ச் கொண்டு வலிந்து இழுத்தால் தாங்குகம்பியே சிதைந்து பாய்மரம் சாயக்கூடும். அதனால்தான் அக்கயிறு உச்சியில் சிறு கோணம் விலகிச் செல்லுமாறு அமைக்கப்படுகிறது.

சுருட்டியின் பராமரிப்பைத் தீர்மானிப்பது, அது தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கின் வகையே. ஸ்வீடனின் செல்டன் நிறுவனம் செய்யும் ஃபர்லெக்ஸ் என்னும் சுருட்டியின் பேரிங்கில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள் இருப்பதால், உப்பைக் கழுவிய பின் அவற்றுக்குக் கிரீஸ் இட வேண்டும். பிரான்சின் புரோஃபர்ல் நிறுவனம் தேர்ந்த மூடிய பேரிங்கில் உள்ளேயே கிரீஸ் அடைக்கப்பட்டுள்ளது. அதைக் காக்கும் ரப்பர் மூடி தேய்ந்து உப்புநீர் புகுந்துவிட்டால் பேரிங்கையே மாற்றுவதுதான் வழி. அமெரிக்காவின் ஹார்க்கென் நிறுவனம் கையாண்ட வலிய பிளாஸ்டிக் குண்டுகளுக்கோ கிரீஸே தேவையில்லை. கிரீஸ் இட்டால் மணலும் தூசும் அதில் ஒட்டித் தீங்கு விளையும், நல்ல தண்ணீரால் அலசுவதே போதும். ஆகவே ஒரு கருவிக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது.

தானே பராமரிக்க முற்படும் உரிமையாளர், முதலில் பாயை இறக்கிவிட்டு உருளையையும் மேற்சுழலியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும்; நறநறவென்ற உணர்வு உப்பையோ அரிப்பையோ காட்டும். அலுமினியத்தில் முடுக்கப்பட்ட எஃகுத் திருகுகள் கடல்நீரில் மின்வேதி அரிப்பால் இறுகிவிடுவதால், அவற்றைக் கழற்றி மீண்டும் பொருத்தும்போது இரு உலோகங்களையும் பிரித்துவைக்கும் பசையைப் பூசுவது இன்றியமையாதது. அணியத்தில் ஒருவர் செய்த வேலையை ஒரே கயிற்றுக்குள் அடக்கிய இக்கருவி, அவருக்கு வேண்டியிருந்த விழிப்பைப் படகின் உரிமையாளரிடமே ஒப்படைத்துள்ளது. புயலில் பாய் சுருள மறுத்தால் அவர் மீண்டும் அணியத்துக்கே செல்ல நேரும் என்பதால், கரையில் செலவிடும் ஒரு பிற்பகல் உயிர்க்காப்பாகவே மதிக்கத்தக்கது.