தலைவர் நாற்காலியும் கணக்கு நோட்டும்

நம் பகுதியில் ஒரு குழு தொடங்கினால் முதல் சண்டையே 'யார் தலைவர்?' என்பதுதான். கணக்கை யார் எழுதுவது, தீர்மானத்தை யார் நிறைவேற்றுவது என்பதெல்லாம் கடைசியில்தான் வருகிறது. தோழர்களே, நூறாண்டுக்கு முன் அண்ணல் இதை எப்படிச் செய்தார் என்று பார்ப்போம்.

1924 ஜூலை 20 அன்று பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா தொடங்கப்பட்டது. அதன் தலைவர் அம்பேத்கர் அல்ல; பிரபல வழக்கறிஞர் சர் சிமன்லால் சேதல்வாட். துணைத் தலைவர்களாகவும் தலித் அல்லாத பிரமுகர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் சபாவுக்கு அரசிடமும் நகரத்திலும் கதவைத் திறந்தது.

ஆனால், வேலையை முடிவு செய்யும் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சிவ்தர்கர் சமார் சமூகத்தவர், அம்பேத்கரோ மகர். உட்சாதி கடந்த பொறுப்புப் பகிர்வு அது. 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது இந்தச் சபாதான்.

ஆதரவு தருபவருக்கு மரியாதை கொடுத்தார்கள். முடிவெடுக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இதுதான் நமக்கான பாடம்.

அந்தப் பொறுப்பாளர் பட்டியலில் பெண்கள் இல்லை. அந்தக் குறையையும் நாம் தொடர வேண்டியதில்லை. நம் குழுவில் பெண் தோழர்களிடம் இருப்பது கணக்கு நோட்டா, தேநீர்த் தட்டா? அடுத்த கூட்டத்தில் முதலில் இதைப் பேசுவோம். ஜெய்பீம்!