வாளெடுக்க யாருக்கு உரிமை?

மைசூருக்குப் போன வரிப்பணத்தைக் காங்கேயம் சீமையில் ஓர் இளைஞர் மறித்துப் பறித்தார். யாரென்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலுள்ள சின்னமலை என்று சொல்லச் சொன்னாராம். கொங்கு நாட்டில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. 1756-ல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி, தீரன் சின்னமலை ஆன கதை இது. வாய்வழிச் செய்திதான், இருக்கட்டும்.

அதே சின்னமலைதான் பிற்பாடு மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்குத் துணையாகக் கொங்குப் படையோடு போய்க் கும்பினியை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்தார். வரி கேட்டவனுக்கே தோள் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பேன். வரித் தகராறு பேசித் தீரும். அன்னியக் கும்பினி ஊரையே விழுங்க வந்தால் பேச என்ன மிஞ்சும்?

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். கோவைச் சீமை கும்பினியின் கைக்குப் போனது. கொங்குக் குடியானவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னமலை அறச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டினார்.

போர் எப்போது நியாயம் என்று 13-ம் நூற்றாண்டில் எழுதிய தாமஸ் அக்வினாஸ் மூன்று நிபந்தனை வைத்தார்: ஆளும் அதிகாரம் உள்ளவர் தொடுக்க வேண்டும், தகுந்த காரணம் வேண்டும், நோக்கம் நேராக இருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள், வேறு வழி இருக்கக் கூடாது, வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். முதல் நிபந்தனையிலேயே சின்னமலை தோற்பார். அவர் முடிசூடிய அரசரல்லர். ஆனால் கும்பினி மட்டும் யார்? 1600-ல் வியாபாரம் செய்யப் பட்டயம் வாங்கிய கூட்டம். லண்டனில் எழுதிய பட்டயம் காங்கேயத்துக் காட்டை எப்படிக் கட்டுப்படுத்தும்?

என்னை உறுத்துவது வெற்றி வாய்ப்புதான். 1800-ல் அது இருந்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், வடக்கே தூந்தாஜி வாக் எனக் கிளர்ச்சி பல திசையிலும் மூண்டிருந்தது. ஜூன் 3-ல் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் பிசகியது. பிடிபட்ட பலரைக் கும்பினி தூக்கிலிட்டது. அந்தச் செப்டம்பரில் தூந்தாஜி களத்தில் விழுந்தார். 1801-ல் கோபால நாயக்கரும் மருதுகளும் தூக்கில். போர் தொடுப்பதன் காரணத்தை ஊரறியச் சொல்லித் திருச்சிக் கோட்டையில் அறிக்கை ஒட்டிய மருதுகளும் போய்விட்டார்கள். காவிரிக் கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று சின்னமலை 1804 வரை ஏறக்குறையத் தனித்தே பொருதினார்.

வெல்ல முடியாதென்று தெரிந்த போருக்கு அடுத்தவர் பிள்ளைகளை அழைக்கலாமா? தன் உயிரைத் தருவது ஒருவருடைய உரிமை, பிறர் உயிரைக் கேட்பது வேறு. ஆனாலும் சரணடைவதால் குடியானவருக்கு எந்த நன்மையும் வரப்போவதில்லை என்பதை 1799-க்குப் பிந்தைய வருடங்களே காட்டின. ஆகவே 1800-ன் போரில் எனக்கு ஐயமே இல்லை. 1804-ன் போரைத் தயக்கத்தோடுதான் ஏற்கிறேன். 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைத் தூக்கிலிட்ட கும்பினிக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை.