பழம் பத்திரங்களில் ஆடித்தபசு: நாளைக் கணக்கிடும் முறை

1. ஆய்வுப் பொருள்

நார்வே நாட்டுப் பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றின் நாள் 'திரித்துவ ஞாயிறுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு' என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டின் ஈஸ்டர் தெரிந்தால்தான் தேதி கிடைக்கும். 1700-இல் அந்நாடு பிப்ரவரி 18-க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கிப் புதிய நாட்காட்டிக்கு மாறியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெல்லைச் சீமையின் பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் படிப்பவருக்கும் இதே வேலைதான். 'சங்கரநயினார்கோயில் ஆடித்தபசு அன்று' என்று, அதாவது கோமதி அம்மனுக்குச் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தரும் அவ்வூர்க் கோயிலின் ஆடி விழா நாளில் என்று, ஒரு வரி இருந்தால், அது மேலெழுந்தவாரியான குறிப்பு அன்று; முறையாகக் கணக்கிட்டால் ஒரே நாளைச் சுட்டும் தேதி என்பதே என் துணிபு.

2. ஆண்டு

இப்பகுதியில் வழங்கியது கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறந்து ஆடியில் முடியும். ஆகவே கி.பி. ஆண்டைப் பெற, ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். ஆடித்தபசு ஆண்டின் கடைசி மாதத்தில் வருவதால் எப்போதும் 825தான். கொல்லம் 1000 ஆடி என்றால் கி.பி. 1825. 824-ஐக் கூட்டியவர் ஓராண்டு முன்னே போய்விடுவார்.

அறுபதாண்டுப் பெயரும் உடன் இருந்தால் நல்ல சாட்சி. அது சித்திரையில் மாறுவதால், கொல்லம் 1000-இன் ஆவணி முதல் பங்குனி வரை தாரண; சித்திரை முதல் ஆடி வரை பார்த்திப. ஆடித்தபசுப் பத்திரத்தில் 'தாரண' என்று கண்டால் ஆண்டெண்ணையோ படியெடுத்தவர் கையையோ ஐயுற வேண்டும்.

3. நாள்

ஆடிப் பௌர்ணமிதான் ஆடித்தபசு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. விழாவை ஆள்வது உத்திராட நட்சத்திரம். ஆடியில் சூரியன் கடகத்தில் நிற்பதால் முழுநிலா மகரத்தில் விழும். மகரத்துக்கு உரியவை உத்திராடத்தின் பின் மூன்று பாதம், திருவோணம், அவிட்டத்தின் முன் இரண்டு பாதம். ஆகவே ஆடியின் முதல் பத்து நாளுக்குள் பௌர்ணமி வந்தால்தான் அது உத்திராடத்தோடு சேரும். மாதம் முதிர்ந்து பௌர்ணமி வந்தால் உத்திராடம் முந்திக்கொள்ளும்.

2024-இல் தபசு ஜூலை 21, ஆடி 5, அன்றே பௌர்ணமி. 2025-இல் ஆகஸ்ட் 7, ஆடி 22. பௌர்ணமியோ ஆகஸ்ட் 8 பிற்பகலில்தான் பிறந்தது. கோமதி அம்மன் தபசு மண்டபத்தில் காத்திருக்க, சங்கரநாராயணராகச் சுவாமி காட்சி தருவது மாலையில். சங்கரலிங்கமாகக் காட்சி தருவது இரவில். 2025 ஆகஸ்ட் 7 அன்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி உத்திராடம் பிறந்ததே பிற்பகலில். விடியலில் நின்ற நட்சத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும்.

மாலையில் உத்திராடம் நிற்கும் நாளே தபசு என்ற இந்த விதியைக் கொல்லம் 1000-க்குப் பொருத்தினால், தபசு 1825 ஜூலை கடைசி வாரத்தில் விழும். ஒரு நுட்பம் உண்டு: இன்று ஜூலை 17-ஐ ஒட்டிப் பிறக்கும் ஆடி, அன்று சுமார் மூன்று நாள் முன்னதாகவே பிறந்தது. இன்றைய நாட்காட்டியை அப்படியே பின்னோக்கி ஓட்டக்கூடாது.

4. கொடியேற்றம்

தபசுக் காட்சி விழாவின் பதினோராம் நாள். தபசு ஆடி 5 என்றால் கொடி ஏறுவது ஆனி மாதக் கடைசியில். 'தபசுக் கொடியேற்றம், ஆனி மாதம்' என்று ஏட்டில் கண்டால் பிழை என்று திருத்திவிட வேண்டாம்.

5. எஞ்சும் ஐயங்கள்

பெரும்பாலான கோயில்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுகின்றன. திருக்கணிதத்தோடு ஒப்பிட்டால் நட்சத்திரம் தொடங்கி முடியும் நேரம் சில நாழிகை மாறும். உத்திராடம் மாலையை ஒட்டித் தொடங்கும் ஆண்டுகளில் அந்தச் சில நாழிகையே நாளை மாற்றிவிடும். ஆடியில் உத்திராடம் இரண்டு முறை வரும் ஆண்டுகளும் உண்டு. அவற்றில் பௌர்ணமியை ஒட்டிய உத்திராடத்தைக் கொள்ளலாம். மாதத்தின் இரு முனைகளிலும் பௌர்ணமியே வந்துவிட்டால் அந்த விதியும் உதவாது. அங்கே பத்திரத்தில் எழுதிய கிழமை ஒன்றே துணை. பழம் பத்திரங்களைப் படியெடுப்போர் கிழமையை வேண்டாத விவரம் என்று விட்டுவிடுகிறார்கள்; ஆண்டெண்ணுக்கு நிகராக அதையும் எழுத்துப் பிசகாமல் குறித்துவைக்க வேண்டும்.