ஹோர்ட்டன் என்பவர் யார்? கண்டியிலிருந்து மஹ எலிய வரை ஒரு நாள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

இரவு ஒன்றரை மணிக்குக் கண்டியிலிருந்து பஸ் புறப்பட்டது. மாணவர்கள் 38 பேர், ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். ஏன் இந்த நேரத்தில் என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். அதற்குப் பிறகு போனால் உலக முடிவில் நின்று வெள்ளைச் சீலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கம்பளை, புசல்லாவ கடந்து றம்பொடையில் தேநீருக்கு இறங்கினோம். குளிரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கேதான் அவர்களுக்கு முதல் கதையைச் சொன்னோம். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் இங்கிலாந்துப் பாணியில் பண்ணை அமைக்கப் புறப்பட்டார். வேலையாட்கள், வேட்டை நாய்கள், ஆடு, மாடு, குதிரை வண்டி எல்லாம் கப்பலில் வந்தன. அந்த வண்டி இந்த றம்பொடைக் கணவாயிலேயே குதிரைகளோடு பள்ளத்தில் உருண்டது. ஓட்டிய குதிரைக்காரன் குடிகாரன். வண்டியை மீட்க அனுப்பிய யானையையும் அவன் விரட்டி விரட்டி ஓட்டிச் சாகடித்தான். இவ்வளவையும் பேக்கரே தன் புத்தகத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளும் சிரித்தார்கள். யானை செத்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நுவரெலியாப் பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது வழிகாட்டித் தம்பி பஸ் அருகே காத்திருந்தார். பெலிஹுல் ஓயாப் பக்கத்துச் சிங்களப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். அவர் சிங்களத்தில் சொல்ல நாங்கள் தமிழில் திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு. நம் பிள்ளைகளுக்குப் பாதிக்கு மேல் நேராகவே விளங்கிற்று, அது வேறு கதை.

பட்டிப்பொல தாண்டி மேலே ஏறும் பாதையில் ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். மேற்கே, முகில்களுக்கு மேல், கூர்மையாக ஒரு சிகரம். நாங்கள் சொல்வதற்கு முன்பே ஒரு மாணவி, “பாவா ஆதம் மலை!” என்றாள். தம்பி “ஸ்ரீ பாத” என்றார். பஸ் சாரதி அண்ணன் மலையகத் தமிழர், அவர் “சிவனொளிபாதம்” என்று கும்பிட்டார். 1344இல் இப்னு பதூதா இந்த மலையில் ஏறினார். ஏறுவதற்கு பாபா பாதை, மாமா பாதை என்று இரண்டு வழிகள் இருந்ததாக எழுதிவைத்தார். ஒரே மலை, எத்தனை பெயர்! யாரும் யாருடைய பெயரையும் அழிக்கவில்லை.

இதை அந்த இடத்தில் பெரிதாக நினைக்கவில்லை. மேலே போய் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நுழைவுச்சீட்டு, பைகளில் பொலித்தீன் சோதனை எல்லாம் முடித்து ஃபார் இன் கட்டிடத்தடியில் நின்றோம். தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர் அது. தம்பி மனப்பாடமாகத் தொடங்கினார். உயரம் 2,100 மீற்றருக்கு மேல், பரப்பு 3,160 ஹெக்டேயர், ஆளுநர் ஹோர்ட்டனின் நினைவாகப் பெயரிடப்பட்டது. பத்தாம் தரப் பையன் ஒருவன் கேட்டான், “சேர், அவருக்கு முதல் இதுக்குப் பெயரே இல்லையா?”

மொழிபெயர்த்துக் கேட்டோம். தம்பி சிரித்தார். கீழே தங்கள் கிராமத்தில் ஆச்சிமார் இன்னும் மஹ எலிய என்றுதான் சொல்வார்கள் என்றார். மஹ எலிய தென்ன, காட்டுக்கு நடுவே திறந்து கிடக்கும் பெரிய வெளி. பார்த்தவர் எவரும் அப்படித்தான் பெயர் வைத்திருப்பார்.

அப்படியானால் ஹோர்ட்டன் யார்? ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதை முழுக்க இதே பேச்சுத்தான்.

சேர் றொபர்ட் வில்மட் ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதி. இராஜகாரிய ஒழிப்பு, 1833இன் சட்டநிரூபண சபை என்று நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்குவதெல்லாம் அவர் காலத்தவை. அவர் காலத்தில், 1834இல், நுவரெலியாவில் இருந்த இரண்டு இராணுவ அதிகாரிகள் வேட்டைக்குப் போன இடத்தில் இந்த வெளியைக் ‘கண்டுபிடித்தார்கள்’. ஆச்சிமாருக்குத் தெரிந்த இடத்தைத்தான். கற்காலக் கருவிகளும் இங்கே மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஆக, முதலில் வந்தவர் யார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மனிதர் பிறந்தது ஹோர்ட்டனாக அல்ல, றொபர்ட் வில்மட்டாக. மாமனார் யூசிபியஸ் ஹோர்ட்டனின் உயிலில் இருந்த நிபந்தனைப்படி 1823இல் தன் பெயரோடு ஹோர்ட்டனை ஒட்டிக்கொண்டார். அதாவது மஹ எலியவின் மேல் உட்கார்ந்திருப்பது தேசாதிபதியின் மாமனாருடைய குடும்பப் பெயர்! மனைவி ஆன் அழகுக்குப் பேர் போனவர். கணவரின் உறவினரான கவிஞர் பைரன் அவரை ஒரு விருந்தில் பார்த்துவிட்டு எழுதிய கவிதை உலகப் புகழ் பெற்றது. கண்டி உடவத்தகெலே காட்டுக்குள் நாம் நடக்கப்போகும் லேடி ஹோர்ட்டன் பாதை இந்தப் பெண்மணியின் பெயரில்தான். எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் அதில் நடந்தவர்கள். யாரும் அதுவரை இந்த இரண்டு ஹோர்ட்டனையும் சேர்த்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் இரண்டு ஆசிரியர்களும்தான்.

உலக முடிவில் எங்களுக்கு அதிர்ஷ்டம். சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம், கீழே தோட்டங்கள், தூரத்தில் நீர்த்தேக்கம் ஒன்று மின்னியது. பதினைந்து நிமிடம்தான், பனி வந்து மூடிற்று. தம்பி விளிம்பிலிருந்து எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். அவருடைய ஊர் அந்தக் கீழ்ப்பக்கம். மேலே நின்று தன் ஊர்ப் பக்கத்தை அந்நியருக்குக் காட்டிப் பிழைக்கிறார்.

பேக்கர் நீர்வீழ்ச்சி பெலிஹுல் ஓயாவில் விழுகிறது. அந்தத் தண்ணீர் கீழே போய் வளவையில் சேரும். மகாவலிக்கும் களனிக்கும்கூட இந்த உயர்நிலந்தான் ஊற்று. நீர்வீழ்ச்சியின் பெயருக்கு உரியவர் றம்பொடையில் வண்டியைப் பறிகொடுத்த அதே பேக்கர். 1855 வரை இந்த மலைகளில் நாய்களை விட்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்தினார், யானைகளைச் சுட்டார், அவற்றைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். பிறகு ஆபிரிக்கா போய் ஓர் ஏரிக்கு அல்பேட் இளவரசரின் பெயரை வைத்தார். அங்கேயும் ஏரிக்கு வேறு பெயர் இருந்தது.

ஒரு காலத்தில் இந்த வெளியில் யானைகள் கூட்டமாக மேய்ந்தன. 1940களுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மரைகள் மிஞ்சின. இப்போது அவை வாகனத் தரிப்பிடத்தில் வந்து நின்று பிஸ்கட்டுக்கு முகத்தை நீட்டுகின்றன. எங்கள் பிள்ளை ஒருத்தி பையைத் திறக்கப் போக, அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்த தம்பி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

ஆங்கிலேயர் எல்லாவற்றையும் கெடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதுவும் சரியான வரலாறு அல்ல. கோப்பியும் பிறகு தேயிலையும் மலை மலையாகக் காட்டைத் தின்றுகொண்டிருந்தபோது, 1873இல் யோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். அந்த யோசனை இல்லாவிட்டால் நாங்கள் அன்று நடந்தது தேயிலைப் பாத்தியாக இருந்திருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்சக் காலம் இங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள் நம்மவர்கள்தாம். 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமை. பெயர் மட்டும் ஒவ்வொரு வர்த்தமானியிலும் ஹோர்ட்டனாகவே தொடர்ந்தது.

பெயரை மாற்ற வேண்டுமா என்று பஸ்ஸில் பெரிய விவாதம். மாற்றினால் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் வழி தவறிவிடுவார்கள் என்றான் ஒருவன். பாவா ஆதம் மலைக்கு நான்கு பெயர் இருக்கிறதே, யார் வழி தவறினார்கள் என்று கேட்டாள் காலையில் கத்திய அதே மாணவி. எங்களிடம் உடனே பதில் இல்லை. சுவர்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதும்போது இரண்டு பெயரையும் தலைப்பில் போடுவது என்று மட்டும் முடிவாயிற்று. எது முதலில் வருவது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.

கண்டி வந்து சேர இரவு ஏழரை. இறங்கும்போது பத்தாம் தரப் பையன் திரும்பிக் கேட்டான், “சேர், அந்த நோனாட பாதைக்கு முதல்ல என்ன பெயர் இருந்திருக்கும்?” அடுத்த சனிக்கிழமை உடவத்தகெலே போகிறோம். கண்டியில் இருக்கும் பழைய ஆட்கள் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.