இருபது ரூபாயும் ‘ஆதரவற்றோர்’ என்னும் சொல்லும்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், காமராசர் முதலமைச்சராயிருந்த சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திங்கள்தோறும் இருபது ரூபாய். இன்று அற்பமாய்த் தோன்றலாம். ஆயினும் எந்த ஆலையிலும் பெயர் பதியாத, எந்தச் சந்தாவும் செலுத்தாத ஒரு மூதாட்டிக்கு அரசு தன் கருவூலத்திலிருந்து ஈந்த தொகை அது என்பதை மறத்தலாகாது. உத்தரப் பிரதேசம் 1957இலும், கேரளம் 1960இலும் இவ்வழியில் முந்திச் சென்றிருந்தன. தென்காசி வட்டாரத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செங்கோட்டை 1956 அக்டோபர் இறுதிவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்தது. நவம்பர் முதல் நாள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. இணைந்த மகிழ்ச்சியில், மலைக்கு அப்பாலிருந்த முதியோரைவிட இரண்டாண்டு காலம் கூடுதலாய்க் காத்திருக்க நேர்ந்ததை அவ்வூர்க் கிழவர்கள் எவரும் கணக்குப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதற்கு முன்னர் முதியோரைத் தாங்கியவை குடும்பமும் அறச்சாலைகளுமே. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைப் பேணுவோரை வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அறத்தை நிறுவியவனே அதன் எதிர்காலத்தைப் பற்றி அஞ்சியிருக்கிறான் என்பது சிந்தனைக்குரியது. குற்றாலத்தில் சாரல் காலம் வந்தால் நீராட வருவோரின் ஈகையை நம்பி அருவிப் பாதையில் அமரும் முதியோரைக் கண்டிருக்கிறோம். ஆனி, ஆடியில் கை நீட்டினால் காசு விழும். பங்குனியில் பாறை மட்டுமே இருக்கும். ஈகை பருவத்தைப் பார்க்கிறது. பசியோ பன்னிரு மாதமும் வருகிறது.

இதற்கு மேலைநாடுகள் கண்ட வழிகள் இரண்டு. செருமனியில் பிஸ்மார்க் 1889இல் கொணர்ந்த சட்டம், தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்த, அரசும் சிறிது சேர்த்து, எழுபது வயதில் ஓய்வூதியம் தருவது. இங்கிலாந்து 1908இல் வேறு வழி சென்றது. எழுபது வயதான ஏழைக்கு, அவர் ஏதும் செலுத்தாதிருந்தும், வாரம் ஐந்து ஷில்லிங் வரை அளித்தது. நமது அரசியலமைப்பின் 41ஆம் கூறு முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது; ‘பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள்’ என்னும் வேலியையும் உடன் நட்டிருக்கிறது. காமராசர் காலத்துத் திட்டம் இங்கிலாந்தின் வழியைச் சார்ந்தது.

பின்னர் வட்டம் விரிந்தது. 1974இல் மாற்றுத்திறனாளிகள், 1975இல் கைம்பெண்கள், 1981இல் உழவுத்தொழிலாளர்கள், 1986இல் கணவரால் கைவிடப்பட்டோர், 2008இல் மணமாகாத ஏழைப் பெண்கள் என ஒவ்வொரு துயரத்திற்கும் ஒரு தனிக் கோப்பு பிறந்தது. நடுவணரசு 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் இத்துறையில் காலடி வைத்தது. அறுபத்தைந்து கடந்தோர்க்கு எழுபத்தைந்து ரூபாய். தமிழகத்தில் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

தொகையினும் முதன்மையானது ‘ஆதரவற்றோர்’ என்னும் சொல். உதவி பெற வேண்டுமானால், பேணுவதற்கு ஆளில்லை என்பதை நிலைநாட்ட வேண்டும். 1980 வரை கர்ணமும் மணியக்காரரும், பின்னர் கிராம நிர்வாக அலுவலரும் இதை விசாரித்தனர். மகன் இருக்கிறானா? இருக்கிறான். சோறு போடுகிறானா? இவ்விடத்தில்தான் தாய்மார் பலர் வாயடைத்துப் போகின்றனர். மூன்றாண்டுகளாய் மகன் முகத்தையே காணாத ஒரு மூதாட்டி, அவன் கவனிக்கவில்லை என்று எழுதித் தர மறுத்து, வெற்றுத்தாளோடு பங்குமனைக்குத் திரும்பி வந்ததை நான் அறிவேன். “சாமி, எம் புள்ளையக் குத்தஞ் சொல்லி நான் கஞ்சி குடிக்கணுமா?” என்றார். அரசின் பார்வையில் அவர் ஆதரவற்றவர் அல்லர்.

அரசை மட்டும் கடிந்துகொள்ளத் துணியேன். எருசலேமின் தொடக்கத் திருச்சபையில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டனர் என்ற முறையீட்டிலிருந்தே எழுவரின் திருப்பணி பிறந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள்: கைம்பெண்களுக்கு ஒரு பதிவேடு, வயது அறுபதுக்குக் குறையலாகாது, நன்னடத்தைக்குச் சான்று வேண்டும், பேண உறவினர் இருந்தால் சபைக்குச் சுமையாகலாகாது. நம் தாலுகா அலுவலகத்தின் விதிகள் ஏறத்தாழ அனைத்தும் அங்கே இருக்கின்றன! கையிருப்பு சிறிது, பசித்தோர் பலர் என்ற நிலையில் சலித்தெடுக்கும் விதிகள் தோன்றுவது இயல்பே. ஆயினும் திருச்சபையின் சிந்தனை அங்கே நின்றுவிடவில்லை. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963இலும், இரண்டாம் யோவான் பவுல் 1981இலும் தத்தம் சுற்றுமடல்களில் முதுமைப் பாதுகாப்பை ஈகையாக அன்றி உரிமையாகவே உரைத்தனர்.

அவ்வுரிமையைத் தம் விரல்களால் ஈட்டியவர்கள் இவ்வட்டாரத்தின் பீடித் தொழிலாளப் பெண்கள். திண்ணையில் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றும் அவர்களை, ‘வீட்டில் செய்வோர் தொழிலாளரல்லர்’ என்று கூறி முதலாளிகள் வெகுகாலம் ஒதுக்கினர். பீடித் தொழிலுக்குரிய சட்டம் 1966இல் வந்தது. வருங்கால வைப்புநிதி 1977இல் இத்தொழிலுக்கு விரிந்தது. வீட்டிலிருந்து சுற்றுவோரும் அதற்கு உரியவரே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. 1995 நவம்பரில் ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தது.

ஆயின் கணக்கு இரக்கமற்றது. சராசரி மாத ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். ஊதியம் 2,100 ரூபாய், பணி இருபது ஆண்டு எனில் ஓய்வூதியம் 600 ரூபாய். 2014 செப்டம்பரில்தான் குறைந்த அளவு 1,000 ரூபாய் என்றாயிற்று. ஏதும் செலுத்தாதவர்க்குத் தமிழக அரசு 2011 முதலே அளித்துவந்த தொகை அது. இருபதாண்டு உழைப்பிற்குக் கிடைத்த மிகுதி யாது என்று ஒரு பீடித் தொழிலாளியிடம் கேட்டேன். ஓலைப்பெட்டியிலிருந்து தம் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, இதை வாங்க மகனைப்பற்றி யாரும் தம்மிடம் விசாரிக்கவில்லை என்றார்.