இறந்தவரின் குளிசைகள்

அம்மம்மாவின் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் அவருடைய பிஸ்கட் பேணியைத் திறந்து பார்த்தேன். புற்றுநோய் நோவுக்குக் கொடுத்த மோர்பின் குளிசைகள் இரண்டு அட்டை அப்படியே கிடந்தன. ஒரு மாதமாக அந்தப் பேணி, அக்காவின் சின்னப் பிள்ளைகளுக்குக் கையெட்டும் உயரத்தில் இருந்திருக்கிறது.

அண்மையில் வடக்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்றபோது அந்தப் பேணிதான் நினைவுக்கு வந்தது. உடலில் செல் துண்டோடு வாழ்பவர்களும், இல்லாத காலில் நோவு என்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய மோர்பின், ட்ரமடோல், பிரிகபாலின் எல்லாம் பிரஷர் குளிசைகளோடு ஒரே அலுமாரியில். திறப்பு கதவிலேயே தொங்கியது. "வெளி ஆக்கள் ஒருத்தரும் வாறேல்லையே பிள்ளை" என்றார் பொறுப்பாளர் அம்மா.

பிரிகபாலினைப் போதைக்காக விழுங்கும் இளைஞர்கள் உள்ள நாட்டில் வெளியாள்தான் வரவேண்டுமென்றில்லை. பிரித்தானியாவில் 15 நோயாளர்களைக் கொன்றதாக 2000ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்ட வைத்தியர் ஹரோல்ட் சிப்மன், இறந்தவர்களின் வீடுகளில் மிஞ்சிய டயமோர்பினையும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தவர். அதன் பிறகே அங்கு கண்காணிப்பு இறுகியது.

செய்யவேண்டியது பெரிய செலவுள்ள வேலையல்ல. இந்த மருந்துகளுக்குச் சுவரோடு பொருத்திய தனிப் பெட்டி, பூட்டு, பக்க இலக்கமிட்ட ஒரு கொப்பி. வந்தது, கொடுத்தது, மிச்சம் எழுதி இருவர் கையொப்பமிட வேண்டும். வேலை மாறும்போது எண்ணிப் பார்க்கவேண்டும். கீழே விழுந்து உடைந்த குளிசைக்கும் கணக்கு வேண்டும். ஆனால் திறப்பு இரவிலும் கடமையில் உள்ளவரிடம் இருக்கவேண்டும். நடுச்சாமத்தில் நோவால் துடிப்பவர் விடியும்வரை காத்திருக்க நேர்ந்தால் அந்தப் பூட்டால் யாருக்கு என்ன பயன்?

மிஞ்சியவற்றை, கொடுத்த வைத்தியசாலையிலோ பாமசியிலோ கேட்டுத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. மோர்பினை மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என அமெரிக்க வழிகாட்டல் சொல்லும். சுண்ணக்கல் நிலத்தில், குழிக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர்க் கிணறு உள்ள யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தாது. எரிப்பதும் கூடாது. பென்டனில் பிளாஸ்டரைக் கழற்றிய பின்னும் அதில் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வர மடித்து, அதையும் பூட்டி வைத்துத் திருப்பவேண்டும்.

நான் வெளிக்கிடும்போது பொறுப்பாளர் அம்மா திறப்பைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அலுமாரியின் அடித்தட்டில், இறந்துபோன இருவரின் பெயர் எழுதிய மருந்துப் பைகள் இன்னும் இருந்தன.